எட்டுத் துடுப்புகள்

தூபொரன் துறைமுகத்தில் பிப்ரவரி விடிவதில்லை,
வெளுக்கிறது, அவ்வளவுதான்.
மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில்
குழல்விளக்கின் கீழே
சோல்வாய் கிராவர்சென்
ஒரு காட் மீனின் செவுள்மூடியைக்
கட்டைவிரலால் நெம்பித் திறக்கிறாள்.
சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு.
கோழிக்குடல் துண்டு போல
வளைந்து படுத்திருக்கிறது.
அதன் பின்னால் சுருள்சுருளாய் நூல்.
நூல் இல்லை, முட்டைகள்.

"புழு" என்கிறான் தராசுக்காரன் தூகே,
கிலோவுக்கு இரண்டு குரோனர் குறைத்தபடி.
புழு இல்லை என்று அவள் திருத்துவதில்லை.
பத்தொன்பது வருடம் திருத்திப் பார்த்தாயிற்று.
இது இறாலுக்குப் பங்காளி.
கணுக்கணுவாய் உடம்பும்
நீந்தக் காலும்
போய்ச் சேர ஓர் இடமும் இருந்த உயிர்.

முட்டை உடைந்த அன்று
இது கடுகின் ஓரத்தில் ஒரு துகள்.
உண்ணத் தெரியாது.
தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு,
ஒரு சொட்டு மஞ்சள்கரு,
அது தீர்வதற்குள் ஒரு மீனைத் தொட்டாக வேண்டும்.
தொடாமல் போனவை எத்தனை என்று
கடலுக்குக் கணக்குப்பிள்ளை கிடையாது.

லிம் ஃபியோர்டின் ஆழமில்லாச் சேற்றில்
இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு
மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் தட்டைமீன்.
அது மூச்சு வாங்கும் சமயம் பார்த்து
செவுள் நுனியில்
ஓர் இழையால் தன்னைத் தைத்துக்கொள்கிறது.
நான்கு சட்டைகள் உரிக்கிறது.
அங்கேயே ஆண், அங்கேயே பெண்,
அங்கேயே கல்யாணம்.
விருந்துச் செலவு தட்டைமீனுடையது.
ஆணின் கதை
இந்த வரியோடு முடிகிறது.

பெண் பிடியை விடுகிறாள்.
எட்டுக் காலும் துடுப்பாக
முகத்துவாரம் தாண்டி
இதுவரை பார்த்தே இராத ஒரு மீனைத் தேடிப் போகிறாள்.
எந்த மீன் என்று யார் சொன்னது?
மணலில் அழுந்திக் கிடந்தவளுக்கு
நடுக்கடலின் முகவரி யார் கொடுத்தது?
கத்தி தீட்டும்போதெல்லாம்
சோல்வாய்க்கு இதே யோசனை.
தூகேயிடம் ஒருமுறை கேட்டாள்.
"பசி" என்றான்.
அது பாதி விடை என்றே இன்றும் அவளுக்குப் படுகிறது.

காட் மீனின் செவுளுக்குள் வந்தவள்
வாசலில் நிற்பதில்லை.
ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு
தலையைச் செலுத்திச் செலுத்தி
இதயத்தின் படிக்கட்டு வரை போய்
அங்கே கிளைக்கிறாள்.
கொம்பு, கொம்பில் கொம்பு,
பனிக்காட்டுக் கலைமானுக்கு இருப்பது போல.
ஒவ்வொரு துடிப்பும் முதலில் அவளுக்கு,
மிச்சம் மீனுக்கு.
உடம்பு ஊதுகிறது. கணுக்கள் கரைகின்றன.
முன்பக்கம் எது, முதுகு எது,
சொல்ல முடியாத ஒரு பை.

கால்கள் மட்டும் உதிரவில்லை.
கழுத்தோரம்,
நீந்திய நாளின் அதே அளவில்,
பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற
எட்டுத் துடுப்புகள்.
யாரும் கழற்றச் சொல்லவில்லை போலும்.

இழுத்தால் கழுத்தில் அறுந்துவிடும்.
இத்தனை வருடத்தில் ஒன்றுகூட
முழுதாய் வந்ததில்லை.
இன்று சோல்வாய் இழுக்கவில்லை.
கத்தி நுனியால் குழாயை
நூல் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டே போனாள்.
பின்னால் பெட்டிகள் தேங்கின.
பனிக்கட்டி உருகி அவள் பூட்ஸுக்குள் இறங்கியது.
தூகே இரண்டு முறை கத்தினான்,
மூன்றாவது முறை வந்து பக்கத்தில் நின்றான்.
வந்தது.
எஃகு மேசையில் கொம்போடு, முழுதாக,
ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு.
"மான்" என்றான் அவன், ஏதோ காட்டில் பார்த்தவன் போல.
விலையைப் பற்றிப் பேசவில்லை.

ஜாம் பாட்டிலில் சாராயம் ஊற்றி
அதில் இறக்கி மூடினாள்.
கையுறையில் ஒட்டியிருந்த முட்டைச் சுருளில் பாதியை
அவள் கவனிக்கவில்லை.
மாலை மூன்று மணிக்கு, வழக்கம்போல,
குழாயைத் திறந்து கையுறை, மேசை, தரை
எல்லாவற்றையும் கழுவிவிட்டாள்.
தண்ணீர்
சாக்கடைக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து
துறைமுகத்தில் விழுந்தது.
வெளியே ஓதம் ஏறிக்கொண்டிருந்தது,
ஃபியோர்டின் பக்கமாக.